எந்நேரமும் இடிந்து விழும் கோயில்

பதினொரு நாள். அந்தப் பழைய மாதா கோயிலை இடித்து முடிக்க இயந்திரத்துக்குப் பதினொரு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் அதன் இரும்புப் பல் ஒன்று உடைந்து, வேறு பல் வரும்வரை வேலை நின்றது. ஐந்தாம் நாள் துணைக்கு இன்னோர் இயந்திரம் வந்தது. ‘எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது’ என்று எழுத்துமூலம் சொல்லப்பட்ட கட்டடம் அது. அந்த வரி யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் கண்ணில் படுகிறவர்கள் மேலெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோயில் போனதில் உண்மையாக நஷ்டப்பட்டது ஒரே ஒரு ஆள். என் அக்கா. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நடுவில் நான் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்குப் போய், ரத்தமும் மருந்தும் பட்ட விரிப்புகளைத் தரம் பிரித்து, ஆள் உயர இயந்திரங்களில் போட்டு எடுத்து, ஆவியில் தேய்த்து மடிப்பாள். அந்த இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் அங்கே யாரும் பேசிக்கொள்வதில்லை, கத்திக்கொள்வார்கள். வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் ஒரு மணி நேரம் காதுக்குள் அந்த இரைச்சல் ஓடும் என்பாள்.

வீட்டுக்கு வந்தால் மாமனார். அவருக்குக் கால் மட்டும்தான் வேலை செய்யாது. கை நன்றாக வேலை செய்யும். படுத்த இடத்திலிருந்தே கைத்தடியால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் ஜன்னலைச் சாத்து. விடாமல் தட்டினால் சும்மா. அத்தான் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். தங்கமான மனிதர். ஆனால், பேருந்து இஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவருக்குத் தன் துண்டு எந்தக் கொடியில் காய்கிறது என்பது மட்டும் முப்பது வருடமாகப் பிடிபடவில்லை. பிள்ளைகள் இரண்டும் பெண்கள். கட்டிக்கொடுத்தாயிற்று. அவர்களும் தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.

தெருவில் அவளுக்குப் பெயர் சாவியக்கா. அந்தச் சாவி வந்த கதை இது.

எங்கள் பகுதியில் ஒரு நூற்பாலை இருந்தது. அது மூடப்பட்டதும் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போயின. மேற்றிராசனத்தார், அதாவது ஆயர் இல்லத்தார், அங்கேயே ஒரு புதுக் கோயில் கட்டினார்கள். வரிசையாக மின்விசிறி, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, கார் நிறுத்த விசாலமான இடம். மோட்சம் தவிர எல்லாம் உண்டு. பழைய கோயிலின் மணியையும் புனிதர்களின் சுரூபங்களையும் லாரியில் ஏற்றினார்கள். கோயிலைக் கூட்டி, மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற கோயில்பிள்ளையும் அதே லாரியில் ஏறிப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது.

அன்று கடைசிப் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் அக்கா உள்ளே இருந்தாள். பக்தியால் இல்லை. அவள் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுகிற ரகம். சின்ன மகள் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டாள். அதைத் தேடி அக்கா பெஞ்சுக்குப் பெஞ்சு குனிந்துகொண்டிருந்தாள். கதவைப் பூட்ட வந்த பங்குச் சாமியார் அவளைப் பார்த்துச் சாவியை நீட்டினார்.

“ஒரு வாரம் வச்சிரும்மா. ஆள் அனுப்புறேன்.”

ஆள் வரவில்லை. அடுத்த மாதமே அந்தச் சாமியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு முழம் நீள இரும்புச் சாவி அக்கா வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், செருப்பைத் தேட அவள் உள்ளே போனாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் கிடந்ததாம். எடுத்துக்கொண்டு திரும்பியபோது மணி நான்கு. அப்போதுதான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். அதுவரை காலைப் பூசைக்கு மட்டுமே போனவளுக்கு அந்தக் கோயில் மாலையில் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

அந்தக் கோயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லியாக வேண்டும், இனி யாரும் பார்க்கப்போவதில்லை. கூரைக்கு உட்புறம் நீல வண்ணம். அதில் தங்க நிறத்தில் நட்சத்திரங்கள். அச்சு வைத்து வரைந்தவை இல்லை, எவனோ ஒருவன் சாரத்தில் மல்லாந்து படுத்துக் கையால் வரைந்தவை. எல்லாவற்றுக்கும் ஐந்து முனை, ஒன்றுக்கு மட்டும் ஆறு. அதைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு மூன்று வருடம் ஆயிற்று. பிரசங்க மேடை ஒரே மரத்தில் இழைத்தது, படியேறும் கைப்பிடி குழந்தையின் கன்னம்போல வழவழவென்று இருக்கும். வாசலுக்கு மேலே, மேற்குப் பார்த்து, சாயக் கண்ணாடி ஜன்னல். நாலு பேர் வலை இழுக்கிறார்கள். வலை நிறைய நீல மீன்கள். வலைக்கு வெளியே தப்பித்த ஒரே ஒரு சிவப்பு மீன். நான்கு மணிக்கு அந்தச் சிவப்பு மீன் வாசல் பக்கத் தரையில் வந்து விழும். வெயில் சாயச் சாய, தரையில் ஊர்ந்து, பெஞ்சுகளின் மேல் ஏறி இறங்கி, ஐந்தரைக்குப் பிரசங்க மேடையைத் தொடும்.

அக்கா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொள்வாள். மீன் மேடைக்குப் போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து, கூட்டிப் பெருக்கி, பூட்டிவிட்டு வருவாள். இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும்.

“ஜெபம் பண்ணுவியாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இல்லடா. சும்மா உக்காந்திருப்பேன்.”

“சும்மாவா? ஒன்றரை மணி நேரமா?”

“அங்க மட்டும்தான்டா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க.”

அப்போது அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. நான் சிரித்தேன் என்றுகூட நினைவு.

கோயிலில் ஒரே குறை கூரை ஒழுகியதுதான். நான்கு ஓடுகள் உடைந்து, அதன் வழியாக இறங்கிய தண்ணீர் பலகைகளில் ஓடிப் பன்னிரண்டு இடத்தில் சொட்டும். ஆஸ்பத்திரியில் வெளுப்பு மருந்து வருகிற கேன்களின் தலையை வெட்டி, ஒவ்வோர் ஒழுக்குக்கும் ஒன்று வைத்தாள். பன்னிரண்டு என்றதும் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் பெயர் வைத்துவிட்டாள். முதல் துளியிலிருந்தே கொட்டுவது இராயப்பர். மழை வருமா வராதா என்று யோசித்து யோசித்துச் சொட்டுவது தோமையார். மழை நின்று, எல்லாக் கேனையும் கவிழ்த்து, இனி ஒன்றுமில்லை என்று நிமிரும்போது பின்கழுத்தில் ஒரு துளி போடுவது யூதாஸ்.

மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு வருடமும் ஆயர் இல்லத்துக்கு ஒரு மனு எழுதினாள். முதல் ஆறு வருடம் கோடு போட்ட தாளில், தன் கையாலேயே. ‘ஐயா, வணக்கம். கோயில் கூரையில் நான்கு ஓடு உடைந்துள்ளது. மாற்றினால் போதும். மற்றபடி கட்டடம் நன்றாக உள்ளது. இப்படிக்கு, சாவி வைத்திருப்பவர்.’ ஆறும் கிணற்றில் போட்ட கல். ஏழாவது வருடம் என்னிடம் வந்தாள்.

நான் வந்துதான் இதைக் கெடுத்தேன்.

எனக்கு நகராட்சி அலுவலகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு கடை. தட்டச்சு, நகல் எடுப்பது, மனு எழுதிக்கொடுப்பது. சாக்கடை அடைப்பு முதல் சாதிச் சான்றிதழ் வரை என் கை படாத விண்ணப்பம் இந்த வட்டாரத்தில் இல்லை. இந்தத் தொழிலில் முதல் பாடம், உள்ளதை உள்ளபடி எழுதினால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதக் கூடாது. முதியோரும் கர்ப்பிணிகளும் தாகத்தால் தவிக்கிறார்கள் என்று எழுத வேண்டும். தெருவே அப்படித்தான் எழுதும், அலுவலகமும் அதில் முக்கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் படிக்கும். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த விளையாட்டு அது.

அக்கா கொண்டுவந்த தாளைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

“கட்டடம் நன்றாக உள்ளதுன்னு நீயே எழுதிட்டா அவன் எதுக்கு ஓடு மாத்துறான்?”

“நல்லாத்தானே இருக்கு.”

“நல்லா இருக்குன்னா எதுக்கு மனு? நகரு, நான் எழுதுறேன்.”

ஒரு பக்கம் தட்டி எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

“எந்நேரமும் இடிந்து விழும்னு போட்டிருக்கியேடா. எங்க விழுது? யானை மாதிரி நிக்குது.”

“அது சும்மா ஒரு வார்த்தைக்கா. எல்லாத்துலயும் போடுறதுதான்.”

“விரிசல்ல விரல் நுழையுதுன்னு இருக்கு. நகம்கூட நுழையாது.”

“எழுதினாத்தான் வந்து பாப்பான். வந்து பாத்தா ஓடு மாத்துவான்.”

“பொய்யாச்சே தம்பி.”

“பொய் இல்லக்கா, மனு.”

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சொன்ன வார்த்தை.  தம்பிக்குத் தெரியாததா என்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. போன வருடம் எழுதியதைவிட இந்த வருடம் குறைத்து எழுத முடியாது. எழுதினால், பழுது தானாகவே சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஆகவே விரிசல் வருடா வருடம் என் கடையில் வளர்ந்தது. முதல் மனுவில் விரல் நுழைந்தது. நான்காவதில் கை. ஒன்பதாவதில் ஒரு குழந்தை அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரலாம். பதினாறாவது மனுவில் கோபுரமே சாய்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் அக்கா படிப்பாள், முகம் சுளிப்பாள், கையெழுத்துப் போடுவாள். பதிவுத் தபாலில் போகும். ஒப்புகை அட்டை திரும்பி வரும். ஓடு மட்டும் வரவில்லை.

சுவரில் நிஜ விரிசல் கடைசிவரை அதே மயிரிழைதான். அதன் குறுக்கே அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தாள். கோடு விலகவே இல்லை.

போன வருடம் ரயில் பாதைக்கு மேல் பாலம் வந்தது. பாலம் இறங்குகிற இடம் கோயிலின் வாசல். இருபத்திரண்டு வருடம் அப்படி ஒரு கோயில் இருப்பதையே மறந்திருந்தவர்களுக்குத் திடீரென்று நினைவு வந்தது. ஒரு வணிக வளாகக் கம்பெனி இடத்தைக் கேட்டது. ஆயர் இல்லம் சரி என்றது. நூறு வயதைத் தாண்டிய கட்டடம் என்பதால் நகராட்சி ஒரு விசாரணை வைத்தாக வேண்டும், ஆட்சேபம் இருப்பவர்கள் வரலாம் என்று கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சனிக்கிழமை கூட்டப் போனவள் அதைப் படித்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் புதுக் கோயில் வாசலில், பூசை முடிந்து வருகிறவர்களிடம் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். நானும் கூட நின்றேன். “அது இன்னும் இருக்கா?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒரு பெரிய மனிதர், “அந்தக் கோயில்லதான் எனக்குக் கல்யாணம் நடந்துச்சு” என்று உருகிவிட்டு, பேனா இல்லை என்று சொல்லிக் காரில் ஏறினார். நான் நீட்டிய பேனா அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மொத்தம் பதினான்கு கையெழுத்து. அதில் இரண்டு அத்தானும் நானும்.

விசாரணை நாளில் அக்கா விடுப்பு எடுத்தாள். சேலையை முந்தின நாளே ஆஸ்பத்திரி ஆவியில் தேய்த்து வைத்திருந்தாள், கத்திபோல மடிப்பு. முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்வரிசையில். மேசைக்கு அந்தப் பக்கம் நகராட்சிப் பொறியாளர், ஆயர் இல்லச் செயலாளரான சாமியார், கம்பெனி ஆள் ஒருவர்.

அக்கா எழுந்து, தயாரித்து வந்ததை ஒப்பித்தாள். நான்கு ஓடு மாற்றினால் போதும். சுவர் உறுதியாக இருக்கிறது. வந்து பார்த்தால் தெரியும்.

“ஐயா நேர்ல வந்து பாத்தீங்களா?” என்று பொறியாளரைக் கேட்டாள்.

“அவசியம் இல்லம்மா,” என்றார் அவர். “உள்ள போறதே உயிருக்கு ஆபத்துன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

செயலாளர் சாமியார் ஒரு கோப்பைத் திறந்தார். பதினாறு மனுக்கள். மடிப்புக் கலையாமல், ஓரத்தில் ஓட்டை போட்டு, தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார்கள்.  கையெழுத்துப் போட்டு வாங்கி, படிக்காமலே குப்பையில் போடுகிறார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் படித்திருக்கிறார்கள். கூரையில் ஓர் ஓடு மாற்ற மனம் வராதவர்களுக்கு ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்த மனம் வந்திருக்கிறது.

“இது உங்க கையெழுத்துதானே?”

“என் கையெழுத்துதான்.”

“குழந்தை நுழையிற அளவு விரிசல், சாய்ந்த கோபுரம், எந்நேரமும் இடிந்து விழும். வாரா வாரம் உள்ள போறவங்க நீங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

“விரிசல் இருக்குங்க. நகம் நுழையாது.”

அறையில் சிரித்தார்கள். அவள் பின்கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

“இதுக்கு முன்னாடி ஆறு மனு எழுதினேனே, என் கையாலயே. கட்டடம் நல்லா இருக்குன்னு எழுதினேனே சாமி.”

சாமியார் கோப்பைப் புரட்டினார். “அப்படி எதுவும் பதிவுல இல்லம்மா.”

“அப்போ இந்தப் பதினாறும் பொய்யா எழுதினீங்களா?” என்றார் பொறியாளர்.

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. ‘ஐயா, எழுதினவன் நான், ஊதிப் பெருசாக்கினவன் நான், உங்களுக்கும் அது தெரியும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பொறியாளரின் மேசையில் அன்று மற்றவர்களுக்காக நான் எழுதிய மனுக்கள் ஒன்பது கிடந்தன. நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். என் கடையே அந்த அலுவலகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும், எல்லாருக்கும் விளங்கியிருக்கும். அவள் திரும்பவில்லை.

“நான் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேங்க,” என்றாள்.

எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியையும் படித்தவள். மனுவில் ஒரு பொய் இருந்ததற்கு முகம் சுளித்தவள். அத்தனை பேர் முன்னால், என்னைக் காப்பாற்ற, தன்னை முட்டாளாக்கிக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னாள். மேசைக்குப் பின்னால் ஒருவர் ‘பாவம்’ என்றது காதில் விழுந்தது. பத்து நிமிடத்தில் இடிக்க அனுமதி என்று எழுதிவிட்டார்கள். வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“பஸ் வந்துருச்சு பாரு.”

இடிக்கத் தொடங்கிய அன்று கூட்டம் வந்தது. கையெழுத்துக் கேட்டபோது பேனா இல்லாதவர்கள் எல்லாரும் கையில் போனோடு வந்தார்கள். நின்று படம் எடுத்தார்கள். அழுதார்கள், அதையும் படம் எடுத்தார்கள். தரையில் பதித்த பூக்கல் ஒன்று கிடைக்குமா என்று ஆளுக்காள் கேட்டார்கள். கல்யாணப் பெரிய மனிதரும் இருந்தார். “நெஞ்சே வெடிக்குது” என்றார். “எந்தச் சனிக்கிழமை வந்து பாத்தீங்க, வெடிக்கிறதுக்கு?” என்று கேட்டேன். அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். செயலாளர் சாமியார் கூட்டத்தைப் பார்த்து, கோயில் என்பது கல்லும் சுண்ணாம்பும் இல்லை, மக்களாகிய நீங்கள்தான் கோயில் என்று திருவாய் மலர்ந்தார். அப்படியானால் கம்பெனிக்கு மக்களைக் கொடுத்துவிட்டுக் கல்லையும் சுண்ணாம்பையும் எங்களிடம் விட்டிருக்கலாமே? கேட்கத்தான் நினைத்தேன். எந்த வாயால் கேட்பது?

சாயக் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்துவோம் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். இயந்திரக்காரரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. முதல் வீச்சு மேற்குச் சுவரில்தான் விழுந்தது. நாலு பேரும் வலையும் மீன்களும் ஒரு நொடியில் சரளைக் கல்லோடு கல்லாகிவிட்டன. அக்கா ஆஸ்பத்திரிச் சீருடையில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். “ஐயோ, மீனு” என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் சுவர் விழவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. கோபுரத்தை நான் ஒரு பக்கத்துக் காகிதத்தில் சாய்த்திருந்தேன். அது ஒன்பது நாள் நிமிர்ந்து நின்று அடி வாங்கியது. தினமும் வேலை முடிந்து அக்கா வந்து நிற்பாள். நானும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து நிற்பேன். ‘இன்னும் நிக்குது’ என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னதுபோலக் கேட்டது.

எட்டாம் நாள் இயந்திரக்காரர் இறங்கி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கேட்டார்.

“யாரு சார் இது தானா விழப்போகுதுன்னு சொன்னது? மலையைப் போய் முட்டுற மாதிரி இருக்கு.”

“தெரியலையே,” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். விசாரணையில் திரும்பாதவள், அப்போது திரும்பினாள்.

மறுநாள் கடைக்கு வந்தாள். நிற்கும்போதே சொன்னாள்.

“ஒரு மனு எழுதணும். சாவியைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு. இந்தத் தடவை உள்ளதை மட்டும் எழுது. எழுதி, எல்லாம் முடிஞ்சதும் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டா.”

சனிக்கிழமை நான்கு மணிக்குப் போனேன். அவள் அடுக்களையின் பின்வாசல் படியில் உட்கார்ந்து கால்களை நீட்டியிருந்தாள். எதிரே இரண்டு எட்டில் பக்கத்து வீட்டுச் சுவர். சுண்ணாம்பு அடித்த மொட்டைச் சுவர். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “என் துண்டு எங்க?” என்றார் அத்தான். இடத்தைச் சொன்னாள். அவருக்குக் கிடைக்கவில்லை. போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

“அக்கா, மனு,” என்றேன்.

பத்து நிமிடத்தில் மூன்றாவது ஆளாக நானும் கூப்பிட்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது, அன்று நான் சிரித்துத் தள்ளிய அந்த வார்த்தை.

தாளை வாங்கிப் படித்தாள். நான்கு ஓடு உடைந்திருந்தது. மாற்றியிருந்தால் போதும். விரிசலில் நகம் நுழையாது. கோபுரம் சாயவில்லை. இடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. முன்பு அனுப்பிய பதினாறு மனுக்களில் உள்ள மற்ற விவரங்கள் யாவும் தவறானவை. சாவி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“உன் பேர் எங்க?”

“எழுதிக் குடுக்கிறவன் பேரை மனுல போடுற வழக்கம் இல்லக்கா.”

“தெரியும். இதுல போடு.”

“போட்டா அந்த ஆபீஸ்ல இனிமே என் மனுவை ஒருத்தனும் தொட மாட்டான்.”

“தொட வேணாம்.” குரலை உயர்த்தவே இல்லை. “பதினாறு கையெழுத்து நான் போட்டாச்சு. இதுல நான் எதுக்கு? இது உன்னோடது.”

படியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, ‘அவற்றை எழுதியவன் நான், என் அக்கா ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றாள்’ என்று கையால் சேர்த்து எழுதி, என் பெயரைப் போட்டேன். ஊருக்கெல்லாம் மனு எழுதியவன் என் பெயரில் எழுதிய முதல் மனு அது. இரண்டு பிரதி, ஒன்று ஆயர் இல்லத்துக்கு, ஒன்று பொறியாளருக்கு. அவள் இரண்டையும் மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

உள்ளே தடி தட்டியது. அவள் கையை ஊன்றி எழப்போனாள்.

“நீ உக்காருக்கா.”

நான் போனேன். பெரியவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாமாம், சும்மா தட்டினாராம். தடியைப் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்தேன். என் குலத்தையே இழுத்துத் திட்டினார். ஆறு மணிக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அத்தானிடம், துண்டு வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பின்வாசலுக்குத் திரும்பி வந்தபோது சுவரில் வெயில் விழுந்திருந்தது. அக்கா கால்களை நீட்டி, ஐந்தரை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மீனும் வரவில்லை.